குங்குமம் இறங்கிய அடையாள அட்டை

தேர்தல் நாள் காலையில்தான் மகனின் அடையாள அட்டையைப் பார்த்தேன். படத்தில் அவன் முகம் நெற்றியிலிருந்து மூக்குவரை சிவந்து கிடந்தது. அவனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில், போன சரஸ்வதி பூசைக்கு என் மனைவி எல்லாருடைய அட்டைகளையும் புத்தகங்களோடு சேர்த்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். இவன் அட்டையில் மட்டும் பிளாஸ்டிக் ஓரம் பிரிந்திருந்ததால் குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்திருக்கிறான், இன்னும் பரவிவிட்டது.

எங்கள் வீட்டில் பொட்டு வைத்த படங்கள் இறந்துபோன என் பெற்றோருடையவை மட்டும்தான். உயிரோடு இருக்கிற பிள்ளையை அப்படிப் பார்த்ததும் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"நம்பர் தெரியுதுலா, போதும்பா," என்றான்.

அவனுக்கு இது முதல் ஓட்டு. எனக்கோ, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையைக் குடிமகனின் நீல அட்டையாக மாற்றக் கோலசிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்கு அலைந்த அலைச்சல் மறக்கவில்லை. முகம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினால்? சேதப்படுத்தினான் என்று அட்டையையே பிடுங்கிக்கொண்டால்? எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில், ஓட்டுப் போடும் வரிசையில் அவன் பின்னால் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அட்டையை விரலால் மறைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பவேயில்லை.

மலாய் அதிகாரி படத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இது என்ன கறை என்று மலாயில் கேட்டார். மகன் பூசையைப் பற்றிச் சொன்னான். பக்கத்து மேசையில் இருந்த கட்சி ஆள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்தான், சிரித்தார்.

"என்ன தம்பி, பொட்டு வச்சிட்டாங்க, மாலையக் காணோம்?"

நான் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. பெயரையும் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டார். ஆட்சேபம் உண்டா என்று கட்சிக்காரர்களைக் கேட்டார். கேலி பேசிய அதே ஆள், நம்ம பையன்தான், சின்னதிலிருந்து தெரியும் என்று மலாயில் சொன்னார். வாக்குச்சீட்டு மகன் கைக்கு வந்தது.

அடுத்தது நான். என் அட்டை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதிகாரி இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் பெயரைச் சொன்னேன். வாக்குச்சீட்டில் குறியிடும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அவன் வெளியே போய்ச் சேர்ந்தானா என்று தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

வாசலில் நின்றிருந்தான். "அப்பா, உங்க மூஞ்சிதான் ஐசி அட்டைப் படத்துல உள்ள மாதிரி இல்ல," என்றான்.

அந்த வாரமே புது அட்டைக்கு மனுச் செய்ய வைத்தேன். பூசையில் இனி அட்டைகள் வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன். இருந்தும் வேலை முடிந்து அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கக் கொஞ்சம் தாமதமானால், அந்தச் சிவந்த நெற்றிதான் கண்முன் வருகிறது.