தவரத்தினம் அத்தானும் சிக்னல் பெட்டியும்

என் அத்தான் தவரத்தினத்தின் கையில் எந்தப் பொருளையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் திருகாணியைக் கழற்றிவிடுவார். பழுதான பொருள்தான் என்றில்லை. நன்றாக வேலை செய்கிற பொருள் என்றால் ஆசை இன்னும் கூடிவிடும். "இது என்னண்டு வேலை செய்யுது?" இதுதான் எந்நேரமும் அவர் வாயில் இருக்கிற கேள்வி. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் கல்லாவில் நிற்கும் மரக்கறிக் கடைக்கு வந்தால் தராசைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். முதலாளி என்னை முறைப்பார். நான் வெண்டிக்காய் அடுக்கத் தொடங்கிவிடுவேன்.

அவருக்கு வேலை ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில். அங்கே கோப்பை கழுவும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்து இரண்டு தடவை ஏச்சு வாங்கியிருக்கிறார். வெட்கமே இல்லாமல் அதை எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

என் அக்கா கோசலை அவருக்கு நேர் எதிர். கேள்வியே கேட்கமாட்டாள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று டொக்டர் சொன்னபோதுகூட, "அப்ப இனி என்ன செய்யவேணும்?" என்று மட்டும்தான் கேட்டாள். அன்று தொடக்கம் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கிடந்து இரத்தம் சுத்திகரித்தாள். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று நான் போனேன். என் சிறுநீரகத்திலேயே கல் கிடக்கிறதாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தானுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரின் பட்டியலில் அக்காவின் பெயரைப் போட்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி. ஆஸ்பத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போன் எடுக்கவேண்டும், எடுத்ததும் புறப்படவேண்டும். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும். அதுவும் அந்த அழைப்பு இலக்கம் தெரியாமல்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். லாச்சப்பலில் இலக்கம் தெரியாத அழைப்பை யார் எடுக்கிறார்கள்? ஏதாவது விற்கிறவனாகத்தான் இருப்பான் என்று எல்லாரும் வெட்டிவிடுவார்கள். அத்தான் ஒருவர்தான் ஒன்றும் விடாமல் ஓடி ஓடி எடுப்பார். எடுத்து, அது யன்னல் விற்கிறவன் என்று தெரிந்தாலும் வைக்கமாட்டார். "ஒரு நாளைக்கு எத்தினை பேருக்குப் போன் அடிப்பாய் தம்பி? அவையள் ஏசினா என்ன செய்வாய்?" என்று பிரெஞ்சில் விசாரிப்பார். விற்க வந்தவனே கடைசியில் போனை வைத்துவிட்டு ஓடுவான்.

இந்த விதியால் அக்கா பாரிஸை விட்டு அசையவேயில்லை. மெட்ரோவில் நிலத்துக்குக் கீழே போகவும் பயம், அங்கே சிக்னல் போய்விடுமே என்று. நகரத்தை ஒட்டித் திரான்சியில் இருக்கும் சினேகிதி வீடு வரைக்கும் போவாள், அதுவும் பஸ்ஸில். அப்படிப் போன ஒருநாள், அந்த வீட்டுக்கு அயலில் இருக்கும் தியரி என்கிற ஓய்வுபெற்ற மனிதர் பிரான்சின் வடக்குக் கரையில் உள்ள சோம் விரிகுடாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கடல் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்கு வற்றிப் போய்விடுமாம், சில மணித்தியாலத்தில் திரும்பி வருமாம்.

"கடல் என்னண்டு போறது? சும்மா புளுகு," என்றாள் அக்கா என்னிடம். எங்கள் ஊர்க் கடல் ஒரு பாய் அகலம் உள்ளே போகும், திரும்பி வரும். அவ்வளவுதான் நாங்கள் கண்டது. ஆனால் அக்கா அந்தக் கதையை விடவில்லை. அடுத்த நாளும் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். "உண்மையிலை போகுமோ, கஜனி? போனால் அடியிலை என்ன கிடக்கும்?" ஒன்றுமே கேட்காத என் அக்கா கேட்டாள்.

டொக்டரிடம் கேட்டோம். சனி, ஞாயிறு போகலாம், கூப்பிட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்துவிடவேண்டும், போன் மட்டும் வேலை செய்யவேண்டும் என்றார். அக்காவுக்குக் களைத்தால் உடனே படுக்கவேண்டும், சாப்பாடும் உப்பில்லாமல், மரக்கறியை இரண்டு தடவை அவித்து, அவளுக்கென்று தனியே சமைக்கவேண்டும். ஹோட்டல் சரிவராது. தியரியிடம் ஒரு பழைய கம்பிங் கார் நின்றது, கட்டிலும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி. அதை அத்தான் வாங்கினார். வாங்கிய அன்றே அதன் தண்ணீர்ப் பம்பைக் கழற்றினார் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

முதல் பயணம் படுதோல்வி. மர்கரீத் என்கிற அம்மாவின் பண்ணையில் வண்டியை விட இடம் கிடைத்தது. மணல்மேட்டுக்குப் பின்னால் பள்ளமான இடம். வண்டி நின்றதும் அக்கா போனைப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"கடல் அந்த மேட்டுக்கு அங்காலைதானப்பா. ஒருக்கா எட்டிப் பார்," என்று அத்தான் கெஞ்சினார்.

"நான் கடல் பாக்கேக்கை அவையள் அடிச்சா? திருப்புங்கோ வண்டியை."

அத்தான் மட்டும் மேட்டில் ஓடி ஏறித் தன் போனைப் பார்த்துவிட்டு வந்தார், பிறகு திருப்பினோம். வரும் வழி முழுக்க அத்தான் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மேட்டுக்கு மேலே சிக்னல் இருக்கிறது, பள்ளத்தில் இல்லை, அப்படியென்றால் மேலே இருப்பதைக் கீழே கொண்டுவர ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்? எனக்கு விளங்கிவிட்டது, மனிதருக்கு அடுத்த விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது.

லாச்சப்பலில் போன் கடை வைத்திருக்கும் சுரேன்தான் பூஸ்டர் பெட்டியைப் பற்றிச் சொன்னான். கூரையில் ஒரு அன்ரனா சிக்னலைப் பிடிக்கும், நடுவில் உள்ள பெட்டி அதைப் பெருக்கும், உள்ளே ஒரு வெள்ளைத் தட்டு அதை வண்டிக்குள் பரப்பும். "ஆனா அண்ணை, இஞ்சை உதைக் கண்டபடி பூட்ட ஏலாது. போன் கம்பெனியிட்டை அனுமதி எடுக்கவேணும்," என்றான். அத்தான் ஆஸ்பத்திரிக் கடதாசியோடு கம்பெனிக்கு எழுதி, திரும்பத் திரும்பப் போன் அடித்து, அனுமதி எடுத்தார். போனில் பேசிய கம்பெனிப் பெண்ணிடமும் அலைவரிசை பற்றி என்னென்ன கேட்டாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திரான்சியில் வண்டி நின்ற வளவுக்குள் பெட்டியைப் பொருத்திப் பூட்டுகிற வேலை நடந்தது. கூரையில் அவர் துளை போட்டபோது அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டாள். வயர் இறங்கிய துளையைச் சுற்றி மழை உள்ளே வராமல் பசை அப்பினார். உள்ளே தட்டை எங்கே வைப்பது என்பதில் பெரிய ஆராய்ச்சி.

"அன்ரனாவும் தட்டும் கிட்டக் கிட்ட இருக்கக் கூடாது பிள்ளை. கோயில்லை மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டு போனால் கீ எண்டு கத்துமெல்லே? அதே கதைதான்."

"சரி அத்தான், சரி. கெதியா முடியுங்கோ, எனக்கு நாரி நோகுது," என்றேன், ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மற்றக் கையால் ஏணியைப் பிடித்தபடி.

அன்ரனா பின்பக்கக் கூரையில், தட்டு முன்பக்கம் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் என்று முடிவானது. பச்சை விளக்கு எரிந்தது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை ஆறவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பள்ளத்தில் போய் நின்றோம். பச்சை விளக்கு எரிகிறது. போனில் ஒரு கோடும் இல்லை. அத்தான் ஏணியில் ஏறி அன்ரனாவுக்குப் பக்கத்தில் தன் போனைப் பிடித்தார், அங்கே ஒரு கோடு வருகிறது. உள்ளே வந்தால் ஒன்றுமில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினார். அன்ரனாவைத் திருப்பினார். வியர்த்து ஒழுகியது. அக்கா இருக்கை வார்ப்பட்டியைப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் இருந்தாள். "கோதாரி விழுந்த பெட்டி!" என்று நான்தான் கத்தினேன். எனக்கு அழுகை வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் போனதோ வந்ததோ, நாங்கள் திரும்பிவிட்டோம்.

சுரேனிடம் மறுபடி போனால் அவன், "பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணை. இரும்பு தகரம் ஏதும் இடையிலை நிக்குதோ பாருங்கோ. சிக்னலுக்கு எதிரி அதுதான்," என்றான். போதாதா? அன்று பின்னேரம் வீட்டுக் குசினியில் பரிசோதனை தொடங்கியது. அக்கா தன் போனைத் தொட விடமாட்டாள், அதனால் அத்தான் தன்னுடையதையே ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் வைத்தார். நான் என் போனில் அடிக்கவேண்டும். சோற்றுப்பானைக்குள் அடித்தது. தாச்சிச் சட்டிக்குக் கீழே அடித்தது. மா போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் வைத்தபோது சத்தம் குறைவாகக் கேட்டது, ஆனாலும் அடித்தது.

"அத்தான், உங்களுக்கு விசரே?"

"அடி பிள்ளை, அடி. இனி இது."

நான் கொண்டு வந்த றொட்டியைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளை எடுத்தார். போனை இறுக்கி இரண்டு சுற்றுச் சுற்றினார். அடித்தேன். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று குரல் வந்தது. மறுபடி அடித்தேன், அதே குரல். அத்தான் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

எங்கள் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். லாச்சப்பல் தொடக்கம் சார்செல் வரை எந்தத் தமிழ்க் குசினிக்குப் போனாலும் அடுப்பைச் சுற்றிய சுவர் அலுமினியத் தாளில் மினுங்கும். நாங்கள் தாளிக்கிற தாளிப்பில் மஞ்சளும் எண்ணெயும் தெறித்தால் வெள்ளைச் சுவர் என்ன ஆவது? வீடு பிடித்ததும் பால் காய்ச்சுகிறோமோ இல்லையோ, அதை ஒட்டிவிடுவோம். பிறகு அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

"கோசலை," என்றார் அத்தான், மிகவும் மெதுவாக. "வண்டியிலையும் ஒட்டினனீயோ?"

"ஒட்டாமல்? மஞ்சள் பட்டா ஆர் உரஞ்சிறது?"

"அந்த வெள்ளைத் தட்டு?"

"அதைத்தான் முதல் சுத்தினனான். புதுச் சாமானெல்லே, பழுதாப் போகும் எண்டு வடிவா மூலை மடிச்சுச் சுத்தினன்."

நான் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. அத்தானுக்கு ஏச வேண்டும் போல இருந்திருக்கும், ஆனால் முகம் முழுக்கப் பூரிப்பு. "பாத்தியே பிள்ளை? பெட்டியிலை பிழையில்லை! தாள்தான் மறிச்சது!" என்று குசினிக்குள் நடந்தார். அக்கா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு அவளும் சிரித்தாள். தட்டின் தாளை உரித்து, அதை முன்பக்கமே உள்ள கட்டில் பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். அடுப்புச் சுவரில் தாள் இருந்தது, அதை மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் தடவை பள்ளத்தில் போய் நின்றபோது அக்காவின் போனில் மூன்று கோடு. அவள் அதை என்னிடம் காட்டினாள், மர்கரீத் அம்மாவிடம் காட்டினாள், பண்ணை ஆட்டுக்கும் காட்டியிருப்பாள். ஆனால் அந்தப் பெட்டி வண்டிக்குள் மட்டும்தான் சிக்னல் தரும், மேட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் ஒரு கோடும் இராது. ஆகவே போனோடு அத்தான் உள்ளே இருப்பது, நானும் அக்காவும் மேட்டைத் தாண்டிப் போவது என்று ஏற்பாடு.

உண்மையிலேயே கடல் இல்லை. மேட்டில் நின்று பார்த்தால் கண் போகிற தூரமெல்லாம் ஈர மணல். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். குனிந்து மணலைக் கிள்ளினாள், சிப்பியைப் புரட்டினாள், ஒரு புழுவின் துளைக்குள் விரலை விட்டாள். "இஞ்சை பார், இஞ்சை பார்," என்று அத்தானைப் போலவே கத்தினாள். அவளை அப்படிக் கண்டு எவ்வளவு காலம்!

வண்டியின் ஹோர்ன் கேட்டது. விடாமல் கேட்டது.

நாங்கள் ஓடினோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். கீழே அத்தான் ஒரு காலை வண்டிக்குள்ளும் ஒரு காலை வெளிப்படியிலும் வைத்து, போனைக் காதில் பொத்தி, மற்றக் கையால் கட்டில் விரிப்பைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். வெளியே வந்தால் அழைப்பு வெட்டுப்பட்டுவிடும் என்று பயம். "வீ மதாம், வீ மதாம், வாறா, வந்திட்டா," என்று பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாக ஆஸ்பத்திரித் தாதியிடம் மன்றாடுகிறார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அக்கா சேற்றுக் காலோடு உள்ளே ஏறிப் போனை வாங்கினாள். காய்ச்சல் இருக்கிறதா, எப்போது சாப்பிட்டாள், எவ்வளவு நேரத்தில் வரலாம் என்று கேட்டார்கள். "வாறம்," என்றாள் என் அக்கா தமிழிலேயே. பிறகுதான் பிரெஞ்சில் சொன்னாள்.

அன்றிரவே சிறுநீரகம் வைத்தார்கள். இன்றைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது, முன்பு அளந்து அளந்து குடித்த அக்கா ஆசை தீரத் தண்ணீர் குடிக்கிறாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்க முடியாமல் இருப்பது ஆஸ்பத்திரி அல்ல. பாரிஸை நோக்கி வண்டி ஓடிய அந்த வழி.

அத்தான் ஓட்டினார், அக்கா பக்கத்தில், நான் பின்னால். பதற்றத்தில் அவருக்கு வாய் மூடவில்லை. "ஐஸ் பெட்டியிலையோ கொண்டு வருவினம், இல்லாட்டி மெசினிலை வைச்சோ? எத்தினை மணித்தியாலம் வெளியிலை இருக்கலாம்?"

"எனக்கென்ன தெரியும் அத்தான், ரோட்டைப் பாருங்கோ!"

"எங்கையிருந்து வருதோ? பாரிஸோ, வெளியூரோ? ஆம்பிளையின்ரயோ, பொம்பிளையின்ரயோ?"

"அதெல்லாம் சொல்லமாட்டினம். சட்டம் அப்பிடி."

"கேட்டுப் பாக்கலாமெல்லே."

அக்கா போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு அந்தச் செத்தவரின்ர வீட்டிலையும் போன் அடிச்சிருக்கும்," என்றாள். "எங்களுக்கு அடிக்க முதல்."

அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கேள்வி கேட்டால் எரிந்து விழுவதுதான் என் பழக்கம். அன்று, ஏதாவது ஒன்று கேட்கமாட்டாரா என்று பாரிஸ் வரும்வரை ஏங்கிக்கொண்டிருந்தேன்.