வேதமாணிக்கம் பாஸ்டர் கடலில் இறங்கிய காலை

எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன பாப்டிஸ்ட் சபைக்கு வேதமாணிக்கம் பாஸ்டர் முப்பத்தோரு வருஷம் ஊழியம் செய்தார். நான் அங்கே கீபோர்டு வாசிப்பவன். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஊழியத்துக்கு வருமுன் அவர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்தப் பழக்கம் போகவே இல்லை. வேதாகமத்தையும் ஸ்பானரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீடுவீடாகப் போவார். நோயாளிக்காக ஜெபித்துவிட்டு, அந்த வீட்டு மோட்டாரையும் ஓடவைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அவருக்கு இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஒன்று, தண்ணீர் பயம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தவர். ஆளை முழுசாகத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுப்பதுதான் எங்கள் சபை வழக்கம். ஆலயத் தொட்டியில் இடுப்புக்கு மேல் ஒரு சொட்டு நிரப்ப விடமாட்டார். உயரமானவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்துதான் மூழ்கவேண்டும்.

இன்னொன்று, அவர் மனைவி ஹில்டா அக்கா. ராயபுரத்தில் பிறந்தவர். குழந்தையில் அங்குள்ள சபையில் தலையில் தண்ணீர் தெளித்துப் பெற்ற ஞானஸ்நானமே போதும் என்று இருந்துவிட்டார். யாராவது கேட்டால், "எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. அந்தக் கையால என்னை ஏந்திகினு போயி வாங்கிக் குடுத்தது. அது செல்லாதுன்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்பார். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில், முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து நடக்கும்போது, பாஸ்டர் மனைவி பஸ் ஏறி ராயபுரம் போய் அங்கே திருவிருந்து எடுத்துவிட்டு வருவார். சபை மூப்பர்கள் முணுமுணுத்தார்கள். பாஸ்டர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. "பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு டிசம்பர் புயலில் குப்பத்துக்குள் வெள்ளம் வந்தது. மீனவர் லோகநாதன் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில், தலையில் ரொட்டி மூட்டையோடு பாஸ்டர் ஐந்து தடவை போய்வந்தார். பயத்தை மறைக்க உச்சக் குரலில் பாடிக்கொண்டே போனார். சுருதி பயங்கரம். ஆலய மொட்டைமாடியில் நின்று ஹில்டா அக்கா எல்லாவற்றையும் பார்த்தார்.

பாஸ்டர் நடுங்கிக்கொண்டு திரும்பியதும் அக்கா அவர் தலையைத் துவட்டிவிட்டபடி சொன்னார்: "எனக்கு முழுக்கு ஞானஸ்நானம் குடுங்க."

பாஸ்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். "உங்கப்பா வாங்கிக் குடுத்தது?"

"அது அப்பா குடுத்தது. அத யாரு எடுக்கப்போறா? இது நானே கேட்டு வாங்கறது. ஆனா தொட்டில வேணாம். கடல்ல."

பாஸ்டர் முகம் வெளுத்ததைப் பார்த்து நானும் லோகநாதனும் திரும்பி நின்று சிரித்தோம்.

வெள்ளத்தோடு ஆலைப்பக்கமிருந்து வந்து கடலில் கலந்த எண்ணெயெல்லாம் போய், கடல் தெளிந்தபின் மார்ச்சில் நாள் குறித்தார்கள். அலையை மறிக்கக் கல் கொட்டியிருந்த இடத்தில், நாற்பது பேர் கரையில் நின்றோம். பாஸ்டர் இடுப்பில் கயிறு. மறுமுனை லோகநாதன் கையில்.

"பாஸ்டர், காலு தரையிலதான் கீது. ஏன் ஆடிகினு கீறீங்க?"

"நான் ஆடல. கடல்தான் ஆடுது."

ஹில்டா அக்காவின் தோளைப் பிடித்து, ஞானஸ்நான வாசகத்தை "பிதா, குமாரன்" வரைக்கும் சொன்னார். அதற்குள் ஒரு அலை வந்தது. கடலோரத்தில் வளர்ந்த அக்கா அலையோடு எம்பிக் குதித்தார். பாஸ்டரைக் காணோம். அக்காதான் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"இது செல்லாது" என்றார் மூப்பர் ஜானட், கரையிலிருந்து கறாராக. "பரிசுத்த ஆவின்னு இன்னும் சொல்லல."

"செல்லும் மேடம்" என்றார் லோகநாதன். "ஆனா பாஸ்டருக்குத்தான் செல்லும். அக்காவுக்குத் தலமுடிகூட நனையல."

முதலில் சிரித்தது பாஸ்டர்தான். உப்புத்தண்ணீரைத் துப்பித் துப்பிச் சிரித்தார். ஜானட் சிரிப்பை அடக்கப் பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாம் தடவை வாசகத்தை முழுதாகச் சொல்லி அக்காவை முக்கினார். அக்கா அவர் கையிலிருந்து நழுவினார். மேலே வரவில்லை. "ஹில்டா, ஹில்டா" என்று பாஸ்டர் தண்ணீரைத் துழாவினார். பத்தடி தள்ளி ஒரு தலை எழும்பியது.

"இன்னாங்க, இங்க கீறேன். நீந்தி நாப்பது வருஷமாச்சு."

பாஸ்டர் கயிற்றை அவிழ்த்துக் கரைப்பக்கம் எறிந்துவிட்டு, பயத்தையே மறந்து அவரை நோக்கி நடந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் இருவரும் கைகோத்து நின்றார்கள். அடுத்து வந்த அலைக்கு, அக்கா சொல்லிக்கொடுத்தபடி பாஸ்டரும் குதித்தார். அப்புறம் அவரை வெளியே கூப்பிட்டவர்களுக்குத்தான் தொண்டை வறண்டது.

ஈரத்துணியோடு ஏறக்கூடாது என்று ஷேர் ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளின் ஓரமாக நாற்பது பேரும் நடந்தே திரும்பினோம். பாஸ்டர் முன்னால் பாடிக்கொண்டு போனார். சுருதி அன்றைக்கும் பயங்கரம். லாரி டிரைவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "இன்னா கல்யாண ஊர்வலமா?"

"ஆமா நைனா" என்றார் ஹில்டா அக்கா, புடவையைப் பிழிந்துகொண்டே.