பெண்கள் நின்றன

கட்டுரைக் கொப்பி திருத்துவது கண்ணையும் பொறுமையையும் கெடுக்கும் தொழில் என்பதை, என்னைப்போலவே கொப்பிக் கட்டுகளை வீடுவரை சுமந்த ஆசிரியர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் இலங்கை மலைநாட்டில், பதுளையில் தமிழ் கற்பித்தேன். பாடசாலை ஆண்டு மலரில் ஒரேயொரு கதைக்கு இடம் இருந்தது. ‘நூறு ஆண்டுகளுக்குப் பின் உலகம்’ என்று தலைப்புக் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லாரும் உலகத்தை அழித்தே கொண்டுவந்தார்கள்.

பெயரில்லாதவள்

சந்திரசேகரன் என்னும் மாணவனின் கதையில் குண்டு விழுந்து நகரம் சாம்பலாகிறது. எஞ்சிய ஆண்கள் ஐவருக்கும் பெயர் இருந்தது, துப்பாக்கி இருந்தது, துயரமும் இருந்தது. பெண் ஒருத்திதான். முதற்பக்கத்தில் அவள் சேலை கிழிந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் அவள் இடையின் வருணனை. மூன்றாம் பக்கத்தில், சண்டையில் வென்றவன் அவளை ‘எடுத்துக்கொண்டான்’. ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆகவே நூற்றுக்கு எண்பது புள்ளி போட்டேன். அவளுக்கு ஏன் பெயரில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அவ கதையில பேசவே இல்லையே சேர், பேரு எதுக்கு?"

நல்ல துணி

மலர்க்குழுவில் என்னுடன் இருந்த விஞ்ஞான ஆசிரியர் அந்தக் கதையையே அச்சிட வேண்டும் என்றார். ஐந்து ஆண்களும் நெருப்பைக் கடந்து வந்தும் ஒருவன் சட்டையிலும் ஒரு பொத்தான் அறவில்லையே, கிழிவதற்கு அவள் சேலை மட்டும்தான் கிடைத்ததா என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஆம்பளைச் சட்டை நல்ல துணி, மாஸ்டர்."

பதினான்கு பிழைகள்

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் இராஜேஸ்வரியும் எழுதியிருந்தாள். அவளுடைய உலகில் மலை முழுவதும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். விடிந்ததும் பெண்களை நிறுத்திக் கையையும் பல்லையும் வயிற்றையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ‘பெண்கள் வரிசையாக நின்றன. ஒன்று இருமியது. அதைக் கழித்தார்கள்.’

நான் பொறுப்பேனா? பதினான்கு இடங்களில் அஃறிணையை வெட்டி, நின்றனர், ஒருத்தி, அவளை என்று உயர்திணையாக்கி, நாற்பது போட்டேன். மறுநாள் கொப்பியுடன் என் மேசைக்கு வந்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை அவள் தினமும் கடந்துதான் பாடசாலைக்கு வருகிறாள்.

"எங்கம்மாவக் காட்டி, ‘அது இன்னைக்கி ஆகாது, கழிச்சி விடு’ன்னுதான் சேர் கங்காணி சொல்றாரு. நான் தெரிஞ்சுதான் அப்புடி எழுதுனேன்."

அச்சகத்தார் மரியாதை

வெட்டியதையெல்லாம் மீட்டு எழுதி, விஞ்ஞான ஆசிரியருடன் இரண்டு கிழமை வாதாடி, அவள் கதையையே அச்சுக்கு அனுப்பினேன். கடைவீதி அச்சகத்தார் என்மீது மதிப்புள்ள முஸ்லிம் பெரியவர். மலர்க்கட்டைச் சிரித்த முகத்துடன் நீட்டினார். பிரித்தேன். நின்றனர். ஒருத்தி. அவளை.

"பதினாலு பிழை இருந்திச்சு மாஸ்டர். ஒங்கட பேரு கெட்டுப் போகக் கூடாதுண்டு நாங்களே திருத்திட்டோம்."

சிவப்பு மை

இருநூறு பிரதிகள். மூன்று நாள்கள், பாடசாலை விட்டபின், இராஜேஸ்வரியும் அவள் வகுப்புப் பெண்களும் நானும் அமர்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் பதினான்கு இடங்களைச் சிவப்பு மையால் மீண்டும் பிழையாக்கினோம். கடைசிப் பிரதியின் ஈரத்தை ஊதிக் காயவைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"இப்பத்தான் சேர் பிழை சரியா இருக்கு."

பெண்ணைப் பொருளாக்கிய கதைக்கு எண்பதும், பொருளாக்குகிறார்கள் என்று சொன்ன கதைக்கு நாற்பதும் போட்ட இந்தக் கைக்குத்தான், ஓய்வு பெற்ற நாளில் ‘இலக்கணக் காவலர்’ என்று பட்டம் கொடுத்தார்கள்.