தூராத குழிகள்

என் மனைவி பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். தாடையில் திருகு பதித்துப் பல் கட்ட வருகிறவர்களை மூன்றாகப் பிரிப்பாள்: சுலபம், நடுத்தரம், சிக்கல். என்னைக் கல்யாணமான அன்றே சிக்கலில் போட்டுவிட்டாள். கிளினிக் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அதுவே பெரிய மரியாதை.

என் அக்கா சுலபம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா அண்ணி?"

"ஒண்ணு கிடையாதும்மா" என்றாள் அக்கா பெருமையாக.

நாலு பேர் முன்னால் பேசும்போது பல்செட் நழுவி விழுந்ததிலிருந்து அக்கா வெளியே தலைகாட்டுவதில்லை. கழலாத பல் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆடிக்கொண்டிருந்த கடைசிக் கீழ்ப்பல்லை என் மனைவி பிடுங்கி, "ரெண்டு மாசம் ஆறட்டும், ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடலாம்" என்றாள். வலியே இல்லையென்று அக்கா இடையில் காட்டவும் வரவில்லை.

ஸ்கேன் வந்த மதியம், இவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்களேன்." குரலே சரியில்லை.

திரையில் அக்காவின் தாடை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எலும்பு நல்லா கெட்டியாத்தானே இருக்கு? அதுக்கு ஏன் இந்த மூஞ்சி?" என்றேன்.

"குழியப் பாருங்க. இந்தப் பல்லெல்லாம் போய் நாலு வருஷம் ஆச்சு. எலும்பு வளந்து எப்பவோ தூர்ந்திருக்கணும்."

ஒவ்வொரு வேரும் இருந்த இடம் அச்சு மாறாமல் காலியாக நின்றது. போன பற்கள் திரும்பி வருமென்று இடம் பிடித்து வைத்தது போல.

வெளியே காத்திருந்த அக்காவை உள்ளே உட்காரவைத்தாள். "அண்ணி, ஊசி ஏதாவது போட்டுக்கிறீங்களா?"

"அட, அதுவா! எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி ஏத்துவாங்க. நீ மாத்திரையத்தானேம்மா கேட்டே?"

இவள் என்னை ஓரமாக இழுத்தாள். அந்த மருந்து எலும்பைத் தேயவும் விடாதாம், புதிதாக வளரவும் விடாதாம். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினாலே தாடை எலும்பு செத்துப்போகலாம் என்று என் காதில் சொன்னாள். பாவி, அதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா!

"வாயத் திறங்க அண்ணி."

பிடுங்கிய இடத்தில் ஈறு மூடவே இல்லை. நடுவே மஞ்சளாக எலும்பு தெரிந்தது. இவள் கம்பியால் மெல்லத் தட்டினாள். டக்கென்று சத்தம் வந்தது.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல. எல்லாம் உன் கைராசிம்மா" என்று சிரித்தாள் அக்கா. "பல்லு எப்ப வைக்கப் போறே?"