சைவத் தூண்டில்

பொதுக் கடற்கரையில் மீன் பிடிக்க என்னென்ன வேண்டும் என்று என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது. நான் திருச்சிக்காரன். காவிரியில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவன். மீனுக்கும் எனக்கும் குழம்புச் சட்டியில்தான் அறிமுகம். அப்படிப்பட்டவன், ஓமானில் இருக்கிற சோஹாரில், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் கையில் தூண்டிலோடு பாறைமேல் நின்றேன். எப்படி அங்கே போய் நின்றேன் என்று யோசித்தால் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்பதுதான் இதுவரை பிடிபடவில்லை.

எல்லாம் எங்கள் மேனேஜர் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்பு இன்ஜினியர். அதற்கு முன் குவைத்தில், ஃபர்வானியாவில் பல வருடம் குடும்பத்தோடு இருந்தோம். சோஹாருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மேனேஜர் இந்த ஊர்க்காரர், ஓமானி. நம் ஆட்களோடு பழகிப் பழகி என்னைவிட நன்றாக ஹிந்தி பேசுவார். ஒரு நாள் டீ நேரத்தில், "முஹந்திஸ், உங்கள் தமிழ்நாட்டில் கடல் இருக்கிறதா?" என்று கேட்டார். இன்ஜினியர் என்றால் இங்கே முஹந்திஸ்தான், பெயரெல்லாம் அப்புறம். இருக்கிறது சார் என்றேன். பெரிய கடலா என்றார். பெரியதுதான் என்றேன். இதில் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். "அப்படியானால் சனிக்கிழமை காலையில் வா, மீன் பிடிக்கப் போகலாம். யல்லா" என்று எழுந்து போய்விட்டார்.

சும்மா ஒரு நாளில் கேட்டிருந்தால் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் அப்போது கம்பெனியில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்தது. என் கான்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. மகள் இந்தியன் ஸ்கூலில் பன்னிரண்டாம் வகுப்பு. டிசம்பரில் வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டையைக் கட்ட வேண்டும், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? இந்தக் கவலையில் ராத்திரி சோறு இறங்காமல் இருந்தவனை மேனேஜர் தானாகக் கூப்பிட்டு மீன் பிடிக்க வா என்றால், யாராக இருந்தாலும் நல்ல சகுனம் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கிடையில் என் மனைவி வேறு இடத்தில் மனு போட்டிருந்தாள். சமையலறை அலமாரியில் இருக்கிற பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, புரட்டாசி முழுக்க விரதம் என்று சொல்லிவிட்டாள். "பொண்ணு பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த வேலை நெலச்சு நிக்கணும் பெருமாளே. நெலச்சா திருமலைக்கு நடந்தே ஏறி வர்றேன்." அந்த மாதம் வீட்டுக்குள் முட்டைகூட வரக்கூடாது. அதோடு விட்டாளா? "நீங்களும் இதுல சேத்திதான். ஒரு உசிரக்கூட நோகடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று என்னையும் இழுத்துவிட்டாள். கொசு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தேன்.

மேனேஜர் கூப்பிட்டதை அன்று மாலையே சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த சனிக்கிழம?"

"வர்ற சனிக்கிழம."

"மூணாம் சனிக்கிழமங்க. தளிகை போடுற நாளு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் சே நோ, அப்பா. வாட்ஸ் த பிக் டீல்?" என்றாள். அவளுக்காகத்தான் இத்தனையும் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் படிப்பாளா?

"இந்த வேலைக்காகத்தான விரதமே," என்றாள் மனைவி. "அந்த வேலைக்காகவே விரதத்தக் கெடுக்கச் சொன்னா நான் எந்தப் பக்கம்ங்க போறது?" போகவில்லையென்றால் மேனேஜருக்குக் கோபம் வரும். போனால் பெருமாளுக்கு வரும். இரண்டு பேரில் யாருக்குக் கோபம் சீக்கிரம் ஆறும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் அவள்தான் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"போங்க. போயிட்டு வாங்க. ஆனா மீனு மாட்டக் கூடாது."

"அது என் கையிலயா இருக்கு?"

"பின்ன யாரு கையில இருக்கு? எறா, கணவா எதையும் தொடாதீங்க. நான் கோதும மாவு பெசஞ்சு தர்றேன், அத மாட்டுங்க. கடல்ல இருக்கிற மீனு சப்பாத்தியா திங்கப் போவுது?"

கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த வாரம் வேலையிடத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஆலோசனை கேட்டேன். அக்கவுன்ட்ஸில் இருந்த மலையாளி, லைசென்ஸ் இல்லாமல் கரையில் தூண்டில் போட்டாலே அபராதம், அபராதம் விழுந்தால் விசாவில் சிக்கல் என்றார். சேஃப்டி ஆபீசர் ஆந்திராக்காரர். லைசென்ஸ் படகுக்குத்தான், கரையில் நிற்பவனை யாரும் கேட்கமாட்டார்கள், பாறை வழுக்கும், சேஃப்டி ஷூ போட்டுக்கொள், அது போதும் என்றார். கம்பெனி பஸ் டிரைவர் ராமநாதபுரத்துத் தம்பி. அவன் இரண்டு பேர் சொன்னதையும் தள்ளிவிட்டான்.

"லைசென்ஸ் கெடக்கட்டும்ணே. மொதல்ல போர்டப் பாருங்க. கம்பி வேலி இருந்தா அங்கிட்டு கால வைக்காதீக, அது ஹார்பர் எடம். போன எடுத்து போட்டோ புடிக்காதீக. கெளுத்தி மாட்டுச்சுன்னா கையால தொட்டுறாதீக, முள்ளு ஏறுச்சுன்னா கடுகடுன்னு கடுக்கும்."

"மாட்டவே கூடாதுன்னுதான் தம்பி போறேன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

எல்லாருமே அந்த வாரம் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். ஸ்டேப்ளர்கூட இரவல் தராத சேஃப்டி ஆபீசர், வெயிலுக்கு ஆகும் என்று தன்னுடைய புதுத் தொப்பியைக் கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்றார். மலையாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை வைத்து, "எல்லாம் சரியாகும் சேட்டா" என்றார். மீன் பிடிப்பதில் சரியாவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டிரைவர் தம்பி பஸ் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும், நான் பார்த்தால் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். மேனேஜரோடு நெருக்கமாகிவிட்டேன் என்று பொறாமை போல என்று நினைத்துக்கொண்டேன்.

லைசென்ஸைப் பற்றி மேனேஜரிடமே கேட்டுவிட்டேன். "மாஃபி முஷ்கில்" என்று கையை வீசினார். பிரச்சினையே இல்லையாம். வளைகுடாவில் ஒருவர் இப்படிச் சொன்னால், பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அப்போதே தேட ஆரம்பித்துவிட வேண்டும். போனில் தேடி, அரபியை மொழிபெயர்த்து, கண்ட இடத்திலெல்லாம் அமுக்கி, ஒருவழியாக ஒரு அனுமதிச் சீட்டு வாங்கினேன். அது கரையில் நிற்பவனுக்கா படகில் போகிறவனுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் முகம் அதில் இருந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மேனேஜர் தொழுகை முடித்து பிக்கப்பில் வந்து ஏற்றிக்கொண்டார். கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையைத் தாண்டி, வேலி எதுவும் இல்லாத, யார் வேண்டுமானாலும் போகக்கூடிய பாறைக் கரை. போர்டு ஒன்று இருந்தது. முழுக்க அரபி. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "குப்பை போடாதே என்று" என்றார். அவ்வளவு நீளமான போர்டில் இதை மட்டுமா எழுதியிருப்பார்கள் என்று சந்தேகமாக இருந்தாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் சொன்ன ஆலோசனைகள் மட்டும்தான் எனக்குத் தெளிவாக விளங்கின. குளிக்கிறவர்கள் பக்கம் தூண்டில் வீசாதே. பக்கத்தில் ஒருவன் நின்றால் நன்றாகத் தள்ளி நில். சின்ன மீனைக் கடலிலேயே விட்டுவிடு. அறுந்த தூண்டில் நரம்பைப் பாறையில் விட்டுவிட்டு வராதே, ஆமை சிக்கும். சொல்லிவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து கணவாய்த் துண்டுகளை நீட்டினார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து மாவு உருண்டையைக் காட்டினேன்.

"இது என்ன?"

"எங்கள் வீட்டுப் பழக்கம் சார்."

அவர் முகர்ந்து பார்த்தார். பெரிய கடல் உள்ள ஊர்க்காரன், ஏதோ விஷயம் தெரிந்துதான் கொண்டு வந்திருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நான் முதல் தடவை வீசியது பாறையில் விழுந்தது. இரண்டாம் தடவை வீசியது அவர் தலையிலிருந்த கும்மாத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. தொப்பிக்கு உயிர் இல்லை, விரதம் தப்பித்தது. அவர் தொப்பியை உதறிப் போட்டுக்கொண்டு, கோபப்படாமல் எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். இவ்வளவு பொறுமையாக அவரை நான் ஆபீசில் பார்த்ததே இல்லை.

வெயில் ஏறியது. அவருடைய கணவாயைக் கடலில் யாரும் சீண்டவில்லை. என் நரம்பு மட்டும் வெடுக்கென்று இழுத்தது. பெருமாளே, கல்லாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சுற்றினேன். கல் துள்ளாது. நல்ல விளைமீன் ஒன்று, இவர்கள் ஷேரி என்கிறார்களே அது, என் முழங்கை நீளத்துக்கு, வாயில் எங்கள் வீட்டு ஆசீர்வாத மாவோடு மேலே வந்தது. மேனேஜர் "மாஷா அல்லாஹ்!" என்று கத்தினார். அவர் வைத்திருந்த இடுக்கியைப் பிடுங்கி, தூண்டில் முள்ளைக் கழற்றி, அவர் போட்டோ எடுக்கப் போனைத் தேடுவதற்குள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். அது வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

"பைத்தியமா உனக்கு? பெரிய மீன்! ஏன் விட்டாய்?"

என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்த மாதத்தின் விரதம், மனைவியின் வேண்டுதல், வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேண்டுதல், வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இங்கே வந்தது, மீன் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மாவு. சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தூண்டிலைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஃபிளாஸ்கிலிருந்து கஹ்வாவை, அதுதான் இவர்கள் காப்பி, ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"உன் கான்ட்ராக்டை நீட்டிக்கப் போவதில்லை," என்றார். "மேலே முடிவு செய்துவிட்டார்கள். கலாஸ், முடிந்தது. ஆபீசில் நாலு சுவருக்குள் வைத்து இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. யாரை அனுப்ப வேண்டியிருந்தாலும் இங்கே கூட்டி வந்துதான் சொல்வேன்."

சேஃப்டி ஆபீசர் கொடுத்த தொப்பி ஞாபகம் வந்தது. டீ ஞாபகம் வந்தது. எல்லாம் சரியாகும் சேட்டா. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. லைசென்ஸ், ஷூ, கெளுத்தி முள் என்று இத்தனை ஆலோசனை சொன்னவர்களில் ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தொப்பியைக் கழற்றிக் கடலில் எறியலாமா என்று பார்த்தேன். ஆமை ஞாபகம் வந்தது, எறியவில்லை.

"உன் மகளுக்குப் பரீட்சை என்று முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தாய். அதனால் சண்டை போட்டிருக்கிறேன்," என்றார் மேனேஜர். "டிசம்பரில் போக வேண்டாம். அவள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை வேலையும் இருக்கும், விசாவும் இருக்கும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்."

தேங்க்யூ சார் என்றேன். வேலையை எடுத்தவருக்கு நன்றி சொல்கிறேனா, கொடுத்தவருக்குச் சொல்கிறேனா என்று தெரியாமலேயே இரண்டு தடவை சொன்னேன். கிளம்பும்போது மீதி மாவைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, யாரையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தேன். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சாதம் எல்லாம் இலையில் இருந்தது. நடுவில் மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மாட்டுச்சா?" என்றாள் மனைவி.

"ஒண்ணு. விட்டுட்டேன்."

"உசிரோடயா?"

"உசிரோடதான். மூஞ்சியில தண்ணிய அடிச்சிட்டுப் போச்சு."

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. "அவரு என்ன சொன்னாரு?"

சொன்னேன். பாறையில் உட்கார்ந்தது, கஹ்வா, கலாஸ், பரீட்சை வரைக்கும், எல்லாம். மீன் மாட்டியதால் வேலை போயிற்றா, விட்டதால் பரீட்சை வரை நிலைத்ததா, அல்லது இவையெல்லாம் நான் மாவு கொண்டு போவதற்கு முன்பே முடிந்த விஷயமா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். என் மீது பழி போட்டு நாலு வார்த்தை திட்டினால்கூட மனசு ஒரு நிலைக்கு வரும் போல் இருந்தது. அவள் திட்டவில்லை. பெருமாள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரீட்ச முடியற வரைக்கும்னா சொன்னாரு? அதே வார்த்தையா?"

"அதே வார்த்ததான்."

"நான்தாங்க அளந்து கேட்டுட்டேன்," என்றாள். "காலேஜ் முடியற வரைக்கும்னு கேட்டிருக்கலாம். வாயில வரல."

"அப்ப திருமல?" என்று மட்டும் கேட்டேன்.

"நடந்துதான ஆகணும். கேட்டதக் கேட்டபடி குடுத்திருக்காருல்ல," என்று சொல்லிவிட்டு, மாவிளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்காமல் அழுதாள்.