காட்டோரத்து எஞ்சின்

சத்தியமங்கலம் தாண்டி, காட்டோர வாழைத் தோட்டம் ஒன்றின் அருகே எங்கள் பஸ் கொதித்து நிற்கிறது. டிரைவர் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறார். பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் புது ஆயில் எஞ்சின், சாக்கு போர்த்திக் கிடக்கிறது. வாழை பாதி முறிந்து கிடக்கிறது. மீதி வாடி நிற்கிறது.

"எஞ்சினை ஓட்டலாமே?" என்கிறேன் தோட்டக்காரரிடம்.

"சத்தம் கேட்டாத் தண்ணி இருக்குதுன்னு ஆனைக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. கூட்டமா எறங்கிருதுங்க."

என் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "மாடு கட்டி இறைக்கலாமே?"

"மாட்டை வித்துத்தானுங்க இதை வாங்குனேன்."

பஸ்ஸைச் சுற்றிக் கிளப்ப டிரைவர் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை மாட்டுகிறார். தோட்டக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இங்க வேண்டாமுங்க. அந்த வளைவு வரைக்கும் தள்ளிக்கலாமுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். அவரும் தோள் கொடுக்கிறார், முகத்தை மட்டும் காட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.