கங்காருவின் பை

கோலார் தங்கச் சுரங்கத்தில் நான் புதுக் குமாஸ்தா. கீழே இறங்க மறுத்தால் வேலை போய்விடும். பரிணாமப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்களை இறக்கும் கேஜில் ஏறினேன்.

கேஜ்காரருக்கு ஒரு காதில் மடல் இல்லை. ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுவது அவர் வழக்கம். என் தோள் நடுங்கியது. புத்தக அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“இன்னா ரைட்டரே இது, வயித்துல பை?”

“கங்காரு. அதில்தான் குட்டியைச் சுமக்கும். லட்சம் வருஷம் போனால் இந்தக் குலம் எப்படி மாறுமோ!”

கேஜ் இறங்கத் தொடங்கியது.

“சுரங்கத்துக்கு அடியில நம்ம லெவலுக்கு வேலைக்கு வந்தா பையோட வாய் பின்பக்கமா திரும்பிக்கும். தோண்டற மண்ணு குட்டி கண்ணுல விழக்கூடாதில்ல?”

“வாலும் உதிர்ந்துவிடும்.”

“வாலு இருக்கட்டும் ரைட்டரே. உக்கார கம்பெனிக்காரங்க ஸ்டூலா குடுப்பாங்க?”

நான் சூடாக மறுத்துக்கொண்டிருக்கையில் தரை வந்துவிட்டது. பயப்பட மறந்திருந்தேன்.

அவருக்கு அக்கறை கங்காருவின் மேலா, என் மேலா? இன்றும் தெரியவில்லை. எதுவானாலும் நன்றி என்னுடையது.